பாபநாசம் மில்லில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றி எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அப்பாவின் அப்பா பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்தவர். 1938 வாக்கில் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். ஆச்சியும் கொஞ்ச காலம் அதே மில்லில் ரீலிங்கில் (நூல் சுற்றும் பிரிவில்) இருந்ததாக அத்தை சொல்கிறார். கையில் இருப்பவை எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கனும், பெயர் எழுதாத ஒரு குரூப் போட்டோவும். ஹார்வி மில், மதுரா மில், மதுரா கோட்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தாத்தாவின் அப்பா வ.உ.சி.யின் வேலைநிறுத்தத்தில் இருந்தவர் என்ற பேச்சும் வீட்டில் உண்டு. எங்கே தொடங்குவது?

அந்த டோக்கனில் தொடங்குங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து அதுதான். மில்லுக்கு உங்கள் தாத்தா முதலில் ஒரு நம்பர், அப்புறம்தான் ஒரு பெயர். வேலை விதிகளை எழுத்தில் வைக்கச் சொன்ன நிலையாணைச் சட்டம் 1946-இல் வந்தது. அதன் மாதிரி விதிகள்படி நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட டிக்கெட் தர வேண்டியிருந்தது. பதிலி ஆட்களுக்கு, அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் வேலை பார்ப்பவர்களுக்கு, தனி அட்டை. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, பிராவிடண்ட் ஃபண்ட் என எல்லாமே அந்த நம்பரைப் பிடித்துத்தான் போகும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு மாடசாமியையோ சுடலைமுத்துவையோ தேடினால் ஒரே துறையில் பத்துப் பேர் கிடைப்பார்கள். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது, இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். அதனால் டிக்கெட் நம்பர், அப்பா பெயர், சொந்த ஊர் மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து வந்தால்தான் அது உங்கள் தாத்தா. இரண்டு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் பென்சிலால் குறித்து வையுங்கள், பேனாவை எடுக்காதீர்கள்.

டோக்கனைத் துலக்கிப் பளபளப்பாக்க வேண்டாம். எண்ணுக்கு மேலேயோ கீழேயோ ஓர் எழுத்து இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அது துறையைக் குறிப்பதாக இருக்கலாம். பஞ்சை உதிர்க்கும் புளோரூமா, சீவும் கார்டிங்கா, நூற்கும் ஸ்பின்னிங்கா என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்த மாதிரி.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூன்றும் ஒரே இடம்தான். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880-களில் பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணித் தண்ணீர் விழும் விசையை நம்பி ஏற்படுத்திய நூற்பாலை அது. அப்போது அதன் பெயர் திருநெல்வேலி மில்ஸ். அதே குழுமம் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் மதுரையில் மதுரா மில்லையும் நடத்தியது. 1920-களின் கடைசியில் இந்த மூன்று மில்களும் மதுரா மில்ஸ் கம்பெனி என்ற பெயருக்குள் வந்தன. 1974-இல் கோட்ஸ் என்ற பிரிட்டிஷ் நூல் நிறுவனத்தோடு இணைந்த பிறகு மதுரா கோட்ஸ் ஆனது. ஊர்க்காரர்கள் வாயில் கடைசிவரை ஹார்வி மில்தான், இல்லையென்றால் வெறும் 'மில்'. உங்கள் தாத்தாவின் காலத் தாள்களில் மதுரா மில்ஸ் என்றுதான் இருக்கும். மதுரா கோட்ஸ் என்று மட்டும் தேடினால் அவருடைய 30 வருட வேலை அப்படியே கண்ணில் படாமல் போய்விடும். ஆங்கிலத்தில் தேடும்போது ஊர்ப் பெயரும் காலை வாரும். திருநெல்வேலியை வெள்ளைக்காரர்கள் 'டின்னவெல்லி' என்று எழுதினார்கள். பாபநாசத்தை ஒரு 'அ' விட்டு எழுதிய தாள்களும் உண்டு. மாவட்டம் வேறு பிரிந்திருக்கிறது. 1986-க்கு முன்னால் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான்.

இப்போது வ.உ.சி. விஷயம். குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த பேச்சை நான் ஒருபோதும் தட்டிவிட மாட்டேன். ஆனால் எந்த மில் என்று கேட்டே ஆக வேண்டும். 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்தது. கூலி உயர்வு, வாராந்திர விடுமுறை ஆகியவற்றைக் கேட்டு வேலையை விட்டு வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பது நாளைக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-இல் இருவரும் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கைதைக் கண்டித்துக் கோரல் மில்காரர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக அல்லாமல் ஒரு தலைவருக்காக மில் தொழிலாளிகள் வெளியே வந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இருந்திருந்தால் அவர் அப்போது தூத்துக்குடியில் குடியிருந்திருக்க வேண்டும். பாபநாசத்திலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் வேலைக்குப் போய்வர முடியாது. ஆகவே அத்தையிடம் கேட்க வேண்டியது வேறு: "கொள்ளுத்தாத்தா கடற்கரைப் பக்கம் இருந்தாரா? எப்போது மேற்கே வந்தார்கள்?" அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1908-ஆம் ஆண்டின் நீதித்துறை, பொதுத்துறை அரசாணைகளைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இல்லை என்றால், அவர் போராட்டத்தைக் கேள்விப்பட்டு வீட்டில் பெருமையாகச் சொன்னவராக இருக்கலாம். அதுவும் குடும்பத்தின் வரலாறுதான். அப்படியே எழுதி வையுங்கள்.

சொந்த ஊரைப் பிடிக்க நம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. தாளில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு உங்கள் வீட்டில் எந்தச் சாஸ்தாவுக்குப் போவீர்கள்? திருநெல்வேலிச் சீமையில் மில்லுக்காகவோ வேறு எதற்காகவோ ஊர் மாறிய குடும்பங்கள் வீட்டை மாற்றின, நிலத்தை விற்றன. குலதெய்வத்தை மட்டும் மாற்றவில்லை. அந்தக் கோயில் இருக்கும் ஊரில்தான் உங்கள் வேர் பெரும்பாலும் இருக்கும். கோயிலுக்கு வரி வாங்குகிறவர்கள் நோட்டு வைத்திருப்பார்கள். தலைக்கட்டுவாரியாக அப்பா பெயர், மகன் பெயர், இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அதில் வரிசையாக இருக்கும். பூசாரியிடமும் வரி பிரிக்கிற பெரியவரிடமும் தாத்தாவின் பெயரோடு பட்டப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பல நேரம் பெயர் ஞாபகம் இருக்காது, பட்டப்பெயர் சொன்னதும் முகம் மலரும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு இதே வேலையைச் செய்யும். மதம் மாறிய தலைமுறையில் பழைய பெயரும் புதுப் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்ட பதிவேடுகளும் உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். அந்தக் கால மில்களில் ஆள் எடுத்தது ஆபீஸ் இல்லை, மேஸ்திரி. ஜாபர் என்றும் சொல்வார்கள். அவர் தன் ஊர், தன் சொந்தம், தனக்கு வேண்டியவர்கள் என்று கூட்டி வந்து சேர்ப்பார். அதற்குக் கைமாறும் வாங்குவார். 1929 முதல் 1931 வரை இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் இந்த முறையைக் கடுமையாகவே குறை சொன்னது. நமக்கோ அது ஒரு பெரிய உதவி. தாத்தாவைச் சேர்த்துவிட்ட மேஸ்திரி யார் என்று தெரிந்தால், அவர் கூட்டி வந்த மற்றவர்கள் எந்த ஊர் என்று தெரிந்தால், தாத்தாவின் ஊரும் வழியும் தானாகத் துலங்கும். உங்கள் குரூப் போட்டோவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் தலைப்பாகை கட்டியவர் யாராவது இருந்தால் அவர் மேஸ்திரியாக இருக்கலாம், அவரை முதலில் அடையாளம் காணப் பாருங்கள்.

அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, மில் வேலை பார்த்த வயதானவர்களிடம் கொண்டு போங்கள். "என் தாத்தாவைத் தெரியுமா?" என்று கேட்டால் "தெரியலையே" என்று முடிந்துவிடும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களே "இவன் நம்ம செட்டு, இவன் பக்கத்து சைடு ஓட்டினவன்" என்று தொடங்குவார்கள். சங்கு எத்தனை தடவை ஊதும், முதல் ஷிப்டுக்கு வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், சம்பள நாளில் வாசலில் யார் நிற்பார்கள் என்று கேளுங்கள். என் பெரியம்மா ஒரு மில்லில் ரீலிங்கில் இருந்தவர். பெயர், வருடம் எதையும் கேட்டுப் பெற முடியாத அவரிடம், கையில் நூல் சுற்றுவது போல் காட்டச் சொன்னேன். கை அசைந்ததும் பேச்சு வந்தது. கூட வேலை பார்த்த பெண்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அன்று ஒலிப்பதிவு செய்யாமல் விட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். நீங்கள் செல்போனை மறக்காமல் கொண்டு போங்கள்.

அடுத்தது தாள்கள். எல்லாரும் முதலில் மில் ஆபீசுக்குத்தான் கடிதம் எழுதுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். தனியார் நிறுவனம் பழைய பதிவேடுகளை உங்களுக்குக் காட்டியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வருகைப் பதிவேட்டை யாரும் பத்திரமாக வைத்திருப்பதும் அரிது. மில்லுக்கு வெளியே போன தாள்கள்தான் உயிரோடு இருக்கும். பணம் கைமாறிய இடமெல்லாம் யாரோ ஒருவர் பெயரையும் உறவையும் எழுதியிருப்பார்.

முதலில் வருவது பிராவிடண்ட் ஃபண்ட். 1952-இல் சட்டம் வந்தபோது அது பொருந்திய முதல் ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. ஆகவே உங்கள் தாத்தா கணக்கு வைத்திருந்திருப்பார். சேரும்போது கொடுத்த நாமினேஷன் (வாரிசு நியமன) படிவத்தில் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது, உறவு எல்லாம் வரிசையாக இருக்கும். மில் தொழிலாளி குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஒற்றைத் தாள் என்று இதைச் சொல்வேன். வீட்டுப் பெட்டியில் பி.எஃப். சீட்டு எதுவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் கணக்கு எண் இருந்தால் திருநெல்வேலி பி.எஃப். அலுவலகத்தில் வாரிசு என்ற முறையில் கேட்கலாம். பெரிய மில்கள் பல, விலக்குப் பெற்றுத் தங்கள் சொந்த டிரஸ்ட் வழியே ஃபண்டை நடத்தின. அப்படியிருந்தால் அலுவலகம் உங்களை அங்கே அனுப்பும். குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971-இல்தான் வந்தது. தாத்தா அதற்குப் பிறகு ஓய்வு பெற்றிருந்தால் ஆச்சி பெயரில் ஏதாவது வந்ததா என்று அத்தையைக் கேளுங்கள். பணிக்கொடைச் சட்டம் 1972. அதற்கும் ஒரு நாமினேஷன் உண்டு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையோ மருந்துச் சீட்டோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் பின்னாலும் குடும்ப விவரம் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளி வேலையை விட்டு விலகும்போது சர்வீஸ் சர்டிபிகேட் பெறும் உரிமை இருந்தது. பெரும்பாலும் அது வீட்டுப் பத்திரத்தோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

விபத்தில் யாராவது இறந்ததாகக் குடும்பத்தில் பேச்சு இருந்தால், சொல்லவே மனம் கனக்கிறது, அங்கே ஆவணம் நிச்சயமாகக் கூடுதலாக இருக்கும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி மரணத்துக்கான தொகையை முதலாளி நேராகக் குடும்பத்திடம் கொடுத்துவிட முடியாதிருந்தது. ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. அவர் யார் யார் சார்ந்திருந்தவர்கள் என்று விசாரித்துப் பிரித்துக் கொடுப்பார். அந்த உத்தரவில் விதவை, பிள்ளைகள், வயதான தாய் எல்லாரும் பெயரோடு நிற்பார்கள்.

ஆச்சியைத் தனியாகத் தேடுங்கள். பெண்கள் தாத்தாவின் கோப்புக்குள் மனைவியாக மட்டும் தெரிவார்கள். தொழிலாளியாக ஆச்சிக்கென்று வேறு டிக்கெட் நம்பர் இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன் சேர்ந்திருந்தால் தன் அப்பா பெயரோடும், பின் சேர்ந்திருந்தால் கணவர் பெயரோடும் பதிவாகியிருப்பார். ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும். மதராஸ் மாகாணத்தில் 1934-இலேயே மகப்பேறு உதவிச் சட்டம் வந்துவிட்டது. மில் பெண்கள் பேறுகாலத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துப் பணம் வாங்கினார்கள். ஆச்சி எந்தப் பிள்ளைக்கு மில் பணம் வாங்கினார் என்று அத்தைக்குத் தெரிந்தால், அந்தப் பிள்ளையின் பிறந்த ஆண்டே ஆச்சி அப்போது வேலையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி. பெண்களை இரவு ஷிப்டில் வைக்கச் சட்டம் தடுத்ததால், ஆலையில் இரவு வேலை கூடக் கூடப் பெண்களுக்கான இடம் சுருங்கியது. ஆச்சி ஏன் 'கொஞ்ச காலம்' மட்டும் இருந்தார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் சொல்லும் காரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயதை நம்பாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். பள்ளிச் சான்றில் ஒன்று, பி.எஃப். படிவத்தில் ஒன்று, இறப்புப் பதிவில் ஒன்று என்று மூன்று வயது கிடைக்கும். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1881-இல் ஏழு வயதுப் பிள்ளை ஆலையில் வேலை செய்யலாம் என்றிருந்தது. 1891-இல் ஒன்பது வயதானது, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல்தான் பதினான்கு. உங்கள் தாத்தா சேர்ந்த 1938-இல் பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் 'பிள்ளை' என்ற கணக்கில் குறைந்த நேர வேலைதான், குறைந்த கூலிதான். மருத்துவர் பார்த்து வயதுச் சான்று தர வேண்டும். பிறந்த தேதியே எழுதி வைக்காத வீடுகளில், மருத்துவர் பல்லையும் உயரத்தையும் பார்த்துச் சொன்னதே வயது. முழுக் கூலி கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொன்னவர்களும் உண்டு, ஓய்வு தள்ளிப் போகட்டும் என்று குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. நாலைந்து வருட வித்தியாசத்துக்காக ஒரு தாளை 'இது தாத்தா இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளை 1980 வரை கிராம முன்சீப்புகள் எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையே ஒழிக்கப்பட்டது. பழைய ஏடுகளுக்கு நகராட்சி, தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றிலும் விசாரியுங்கள். குழந்தைக்குப் பெயரே இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்' என்று போட்டு, தாய் தகப்பன் பெயர், தொழில், தெரு இருக்கும். தொழில் என்ற இடத்தில் 'மில் கூலி' என்று பார்க்கும்போது எல்லா அலைச்சலும் மறந்துவிடும். தாத்தா வீடோ மனையோ வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்று போடுங்கள். கணினியில் ஏறாத காலத்துக்குக் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் வாங்கியவரின் தகப்பன் பெயரும் குடியிருப்பும் எழுதாமல் விடமாட்டார்கள். உங்கள் அப்பா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும்.

சங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவான சங்கம் ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 1947-க்குப் பிறகு தொழில் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் அரசிதழில் வெளியாயின. வேலைநீக்கம், போனஸ் தகராறு என்றால் சில சமயம் தொழிலாளிகளின் பெயரும் நம்பருமே அச்சில் இருக்கும். பழைய அரசிதழ்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மில்லின் சங்கம் சட்ட வரலாற்றிலேயே இடம் பிடித்தது என்பது தெரியுமா? பாபநாசம் லேபர் யூனியனுக்கும் மதுரா கோட்ஸுக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆட்களை லே-ஆஃப் செய்ய (வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்க) அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற, தொழில் தகராறுச் சட்டத்தின் 25-எம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பானது. 1995-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். உங்கள் தாத்தா காலத்துக்குப் பிந்தியது என்றாலும், அவருடைய சங்கத்தின் பிள்ளைகள் எடுத்துச் சென்ற வழக்கு.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கோட்ஸ் நிறுவனத்தின் பழைய தாள்கள் இருக்கின்றன. அங்கே தாத்தா பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செலவு செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் நிர்வாகத்தின் தாள்கள்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு மில்லின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். டிக்கெட் நம்பர், பெயர், தகப்பன் பெயர், துறை, சேர்ந்த வருடம், விட்ட வருடம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, இவ்வளவு போதும். பாக்கிப் பணம் கேட்கவில்லை, குடும்ப வரலாற்றுக்காகக் கேட்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வரி இல்லாத கடிதம் நேராகச் சட்டப் பிரிவுக்குப் போய்விடும்.

அத்தைக்கு வயது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் ஆவணக் காப்பகம் அடுத்த வருடமும் எழும்பூரில்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவையும் டோக்கனையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போங்கள். டோக்கனில் இருக்கும் எண்ணையும் அவர் சொல்லும் மேஸ்திரி பெயரையும் எனக்கு எழுதினால், அடுத்து எந்தத் தாளைக் கேட்பது என்று சேர்ந்தே பார்க்கலாம்.